சபர் போனவரின் முதல் கோடை

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் ஒருவரைத் தேடிப் போனால், அவர் 'சபரில் இருக்கிறார்' என்ற பதில் கிடைப்பது இன்றும் சாதாரணம். பயணம் என்று மட்டுமே பொருள்படும் அந்த அரபுச் சொல், எங்கள் பக்கத்தில் கடல் கடந்து பிழைப்பவரின் முழு வாழ்நிலையையும் குறிப்பதாக விரிந்துவிட்டது. முன்பு சபர் என்றால் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர். கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் துபாய், தம்மாம், ரியாத், தோஹா, குவைத். போகிறவரை நினைத்து வீட்டார் கவலைப்படும்போது சாப்பாட்டைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் முதலாளியின் குணத்தைப் பற்றியும் பேசுவார்களே தவிர, வெயிலை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 'நம்ம ஊர்ல இல்லாத வெயிலா' என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணம் பாதிதான் சரி. பாலைவன வெயிலுக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் போதும் என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு வாரம் ஒருவருக்குக் கிடைக்குமா என்பது, அவர் ஊரில் கையெழுத்திட்ட தாளிலும் வாங்கிய கடனிலும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

இரண்டு கரைகளுக்கும் பழைய ஒப்புமை உண்டு. மன்னார் வளைகுடாவைப் போலவே அரபு வளைகுடாவிலும் முத்துக் குளிப்பே நெடுங்காலம் பெருந்தொழிலாக இருந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பி, உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்ட 1930களில், பஹ்ரைனும் குவைத்தும் துபாயும் ஒரே தலைமுறைக்குள் அந்தத் தொழிலை இழந்தன. 1932-இல் பஹ்ரைனிலும் 1938-இல் சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. 1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்த பிறகு, துறைமுகமும் சாலையும் குடியிருப்பும் கட்டுவதற்கு அந்த நாடுகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கீழக்கரையில் பிறந்த பி. எஸ். அப்துர் ரகுமான் துபாயின் அல் குரைர் குடும்பத்தாரோடு சேர்ந்து 1970களில் வளர்த்த ஈ.டி.ஏ. நிறுவனத்தின் வழியாக எங்கள் கடற்கரையின் எத்தனையோ குடும்பங்கள் வளைகுடாவில் முதற்படி வைத்தன. பினாங்குக்குப் போனவர் உறவினரின் கடையில் ஒதுங்கி, விரும்பினால் அங்கேயே வேர்விட முடிந்தது. வளைகுடாவுக்குப் போகிறவரோ ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்ட விசாவில் போகிறார். முப்பது ஆண்டுகள் உழைத்தாலும் குடியுரிமை என்பது அநேகமாக இல்லை. ஆகவே அங்கே குடியேறுவதாக யாரும் சொல்வதில்லை. இரண்டிரண்டு ஆண்டுகளாக வாழ்க்கையைக் கோத்துக்கொண்டு போவதே அங்கே நிலைபெறுதல்.

எங்கள் கடற்கரையின் வெயில் கடுமையானதுதான், ஆனால் அது காற்றோடு வருகிற வெயில். சித்திரையிலும் வைகாசியிலும் பகல் எரிந்தாலும் பிற்பகலில் கடற்காற்று ஏறிவிடும். கச்சான் என்னும் மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் கண்ணில் மணல் விழும், ஓலை பறக்கும், ஆனால் வியர்வை உடலில் தங்காது. வெயிலைத் தாங்குவதில் இந்தக் காற்றுக்கு உள்ள பங்கை நாம் உணர்வதே இல்லை. உடல் குளிர்வது வியர்வை வழிவதால் அன்று, அது ஆவியாவதால். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். மண்பானையின் புறத்தில் கசிகிற நீர் உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர வைப்பதும் இதே விதியால்தான். காற்றில் ஈரம் நிறைந்து, வீசவும் மறந்துவிட்டால், பானையும் குளிராது, உடலும் குளிராது.

வளைகுடா நாடுகளில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வெயில்கள் இருக்கின்றன. ரியாத் போன்ற உள்நாட்டு நகரங்களில் ஜூலை மாதப் பகல் சராசரியாக 43 பாகை செல்சியஸைத் தொடும். காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. அங்கே வியர்வை தோலில் தென்படுவதற்கு முன்பே காய்ந்துவிடுவதால், சட்டை நனையவில்லை, ஆகவே வியர்க்கவில்லை என்று புதிதாகப் போனவர் நினைத்துக்கொள்கிறார். மாலையில் சட்டையின் முதுகில் படிந்திருக்கும் வெள்ளை உப்புக்கோடுதான் அன்று அவர் எவ்வளவு நீரை இழந்தார் என்பதைச் சொல்லும். துபாய், தோஹா, தம்மாம் போன்ற கரையோர நகரங்களின் வெயில் வேறு. அரபு வளைகுடாவின் சராசரி ஆழம் ஏறக்குறைய 35 மீட்டர்தான். பெருங்கடலோடு அதற்குள்ள ஒரே வாசல் ஹோர்முஸ் நீரிணை. ஆழமற்ற அந்த நீர் கோடை முழுவதும் காய்ந்து, ஆகஸ்டில் மேற்பரப்பு 33 பாகையையும் தாண்டிவிடுகிறது. எங்கள் ஊரில் ஆறுதலாக வருகிற கடற்காற்று அங்கே உலைமூடியைத் திறந்தது போன்ற ஈர ஆவியோடு வருகிறது. இரவிலும் வெப்பம் 30 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவான 53.9 பாகையை உலக வானிலை அமைப்பு உறுதிப்படுத்தியிருக்கிறது. அத்தகைய எண்களே செய்தியாகின்றன என்றாலும், கம்பி கட்டுகிறவருக்கு அந்த வறண்ட உச்சத்துக்குக் குறையாமல் ஆபத்தானது, எண்ணளவில் குறைந்த ஆகஸ்ட் மாதத்து ஈர வெயில்.

இந்த வெயிலுக்கு உடல் பழகும் முறை ஓரளவு தெளிவாக அறியப்பட்டதே. முதல் சில நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் முன்போல் படபடக்காமல் வேலை செய்யத் தொடங்குகிறது. அடுத்த ஒரு வாரத்தில் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. ஏழு முதல் பதினான்கு நாட்களில் இந்த மாற்றம் பெரும்பாலும் நிறைவடைகிறது. ஊர் வெயிலில் நிலையாக உழைத்துவிட்டுப் போகிறவருக்கு இதில் ஒரு பகுதி முன்பே அமைந்திருக்கும். விசாவுக்காக ஆறு மாதம் வீட்டில் காத்திருந்துவிட்டுப் போகிறவருக்கு அது அமைந்திருக்காது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் புதிய தொழிலாளிக்குப் பரிந்துரைக்கும் கணக்கு, முதல் நாள் வழக்கமான வெயில் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதன்பின் நாளுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக்கூடாது என்பது. வெளிவேலையில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றன என்பதுதான் இந்தக் கணக்குக்குக் காரணம். ஜூன் மாதம் விமானம் இறங்கி மறுநாளே முழு ஷிப்டுக்கு அனுப்பப்படும் இளைஞனின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவன் பலவீனமானவன் அல்லன். அவனுடைய உடலுக்கு இன்னும் அவகாசம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில் தாகத்தை நம்பக் கூடாது. வெயிலில் வேலை செய்யும்போது பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் குடிப்பதே சரி. ஒரே மூச்சில் பெரிய பாட்டிலைக் கவிழ்ப்பதால் பயனில்லை. வியர்வையில் போகும் உப்பும் திரும்ப வேண்டும். அங்கே எந்தப் பக்காலாவிலும், அதாவது மளிகைக் கடையிலும், கிடைக்கும் லபன் நம் ஊர் மோரேதான். உப்புப் போட்டுக் குடித்தால் நீராகாரம் செய்த வேலையை அது செய்யும். வேலையிடத்தில் கழிவறை தொலைவில் இருப்பதாலோ, அங்கே போய்வரும் நேரத்தை போர்மேன் கணக்குப் பார்ப்பதாலோ, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் வழக்கம் பலரிடம் உண்டு. ஊரில் நீர்க்கடுப்பு என்று இளநீரோடு முடித்துவிடும் தொல்லை, அங்கே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சிறுநீரகக் கல்லாகவும் அதைவிடப் பெரிய கேடாகவும் முற்றுகிறது. சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் அன்று குடித்தது போதவில்லை என்று பொருள். உடன் வேலை செய்பவர் திடீரென்று குழறிப் பேசினாலோ, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அது வெப்பத்தாக்கு. வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும்கூட அப்படித்தான். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அந்த நிமிடமே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.

சட்டம் இதில் ஒன்றும் செய்யாமல் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. சவூதியில் அதே தேதிகளில் 12 முதல் 3 வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய காலை 11 முதல் மாலை 4 வரை. கத்தார் 2021 முதல் இதை ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் 3.30 வரை என்று நீட்டியதோடு, ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் அளவு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும் என்றும் விதித்தது. கடிகாரத்தை மட்டும் பார்க்கும் தடையைவிட இது அறிவுடையது என்பது என் கருத்து. ஆகஸ்டில் கரையோர நகரங்களில் காலை ஒன்பது மணியே தாங்க முடியாததாக இருக்கும். ஆனால் எந்தத் தடையும் வேலை நிற்கும் நேரத்தைத்தான் சொல்கிறது. புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் குறைந்த வேலை கொடுப்பது மேற்பார்வையாளரின் மனத்தையும், அதைக் கேட்கத் துணிகிற தொழிலாளியின் நிலைமையையும் பொறுத்தே இருக்கிறது.

கேட்கத் துணிவது எப்போது என்பதைக் கடன் தீர்மானிக்கிறது. ஒருவர் விசாவுக்கென்று ஒன்றரை லட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாதம் 4,500 ரூபாய் வட்டி. இரண்டு ஆண்டில் வட்டி மட்டும் 1,08,000 ரூபாய், முதல் அப்படியே நிற்கும். ஆயிரம் ரியால் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் இல்லாமல் இதை அடைக்க வழியில்லை. ஆகவே அவர் தலை சுற்றினாலும் சொல்ல மாட்டார், ஓய்வு நேரத்திலும் வேலை இருந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆண்டுக்கணக்கில் ஊர்க்காரர்கள் பேசக் கேட்டதில் நான் கண்டுகொண்டது, முதல் கோடையில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் கடனோடு போனவர்கள் என்பதே. இதற்குப் புள்ளிவிவரம் எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறேன், காரணம் அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இந்தக் கடனின் பெரும்பகுதி சட்டப்படி எழவே கூடாதது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முகவரின் பதிவு எண்ணைச் சரிபார்க்கவும் முடியும். இந்த அனுமதியைத் தொல்லையாக நினைத்து, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் சப் ஏஜெண்டை நம்புவதே எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. ஒப்பந்தம் எழுத்தில் இராது. பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீடும் இராது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் என்னும் அளவிலான சந்தாவுக்கு, விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடு அது. ஆனால் அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைகுடாவில் இறந்த தொழிலாளர் பலரின் சான்றிதழில் மாரடைப்பு என்றோ இயற்கை மரணம் என்றோ மட்டும் எழுதப்படுவதை மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. வெயிலின் பெயர் தாளில் இல்லாவிட்டால் அது விபத்தாகவோ தொழில் காரணமாகவோ எண்ணப்படுவது அரிது.

'ஆசாத் விசா' என்று சொல்லி விற்கப்படுவதும் இதே வகையைச் சேர்ந்தது. அப்படி ஒரு விசா எந்த நாட்டின் சட்டத்திலும் கிடையாது. விசாவுக்குப் பொறுப்பேற்கும் உள்நாட்டவரான ஒரு கபீலின் பெயரில் விசா எடுத்து, அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, வெளியே கிடைத்த வேலையைச் செய்வதற்கு வைத்த பெயர் அது. வேலை நன்றாகக் கிடைக்கும்வரை அது சுதந்திரமாகவே தோன்றும். விபத்து நேர்ந்தாலோ சம்பளம் நின்றாலோ, வேலை வாங்கியவர் இவரை அறியமாட்டார், தாளில் உள்ள கபீல் இவர் ஓடிப்போனதாக ஹுரூப் என்னும் புகாரை எழுதிக்கொடுப்பார். முறையான ஒப்பந்தம் உள்ளவருக்கோ வாய்ப்புகள் இன்று முன்பைவிடக் கூடியிருக்கின்றன. கத்தாரில் 2020 முதல் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேலை மாறலாம். 2021 மார்ச் முதல் அடிப்படைச் சம்பளம் ஆயிரம் ரியாலுக்குக் குறையக்கூடாது. சவூதியும் 2021 மார்ச்சில் வேலை மாற்ற விதிகளைத் தளர்த்தியது. அமீரகத்தில் 2009 முதல் சம்பளம் வங்கி வழியாகவே வர வேண்டும் என்ற ஏற்பாடு இருப்பதால், கொடுக்காத சம்பளத்தை நிரூபிப்பது எளிது. இந்த உரிமைகள் எல்லாம் ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வைத்திருப்பவருக்கே பயன்படும். ஆகவே அதன் படத்தை ஊரில் உள்ள மனைவியின் போனிலும் ஒன்று வைத்துவிட்டுப் போவது நல்லது.

அறையும் மெஸ்ஸும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த பேச்சிலர் ரூமில் ஒரு கட்டில் கிடைத்துவிட்டால், குப்பூஸ் என்னும் அரபு ரொட்டிக்கு நாக்குப் பழகுவதும் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதும் ஒரு மாதத்தில் வந்துவிடும். துபாயின் தெய்ராவிலும் ரியாத்தின் பத்ஹாவிலும் எங்கள் ஊர்ச் சங்கங்களும் ஜமாஅத்துகளும் பல காலமாக இந்த வேலையைச் செய்துவருகின்றன. அவை கவனிக்காமல் விடுவது வெயிலைத்தான். புதிதாக வருகிற தம்பிக்கு வங்கிக் கணக்கைத் திறந்துகொடுக்கும் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்), முதல் பத்து நாட்கள் வேலையிடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, ஏனெனில் அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மீனவர்களின் நிலை தனியானது. பாக் நீரிணையில் எல்லைத் தாண்டல் கைதுகளும், ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் நீளும் தடைக்காலமும் சேர்ந்து, எங்கள் கரையின் கடல்தொழிலாளர்கள் பலரைச் சவூதிக்கும் பஹ்ரைனுக்கும் குவைத்துக்கும் மீன்பிடிக்க அனுப்புகின்றன. கடலை அறிந்தவர்கள் என்பதால் வேலை அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் அங்கே பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை, பிடித்ததில் பங்குதான்; வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசும் நாட்களில் லாஞ்சு கரையில் நின்றால் வரவும் நின்றுவிடும். நெருக்கமாகக் கிடக்கும் எல்லைகளில் ஒரு நாட்டு நீரிலிருந்து இன்னொன்றுக்குள் போய்விடுவதும், கைதாவதும் அங்கேயும் உண்டு. எந்த வலையில் மீன் இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, கபீலோடு பங்கு எத்தனை, டீசலும் ஐஸும் யார் கணக்கில் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கத் தெரிவதில்லை.

போனவரை ஆச்சரியப்படுத்தும் இன்னொன்று அந்த நிலத்தின் மரங்கள். அமீரகத்தின் தேசிய மரமான காஃப், நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியேதான். இராமநாதபுரத்துக் கண்மாய்களை நிறைத்துவிட்ட சீமைக்கருவேலும் அங்கே பரவி, அவர்களுக்கும் தொல்லையாக இருக்கிறது. சாலையோரத்தில் அந்த முள்மரத்தைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து கண்கலங்கியதாக ஒருவர் சொன்னார். குளிர்காலம் வேறொரு ஆச்சரியம். மார்கழிப் பனிக்கு மேல் குளிர் அறியாதவர், ஜனவரி இரவில் ரியாத்தில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும்போது ஒரு ஸ்வெட்டர்கூடக் கொண்டுவராமல் நடுங்குவார்.

முதல் கோடையைக் கடந்தவர் இனித் தனக்கு வெயில் பழகிவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் உடலின் பழக்கம் வெயிலை விட்டு விலகிய ஒரு வாரத்தில் குறையத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் போய்விடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறையில் வருகிறவர், கல்யாணம், வீட்டு வேலை, விருந்து என்று நிழலிலேயே இருந்துவிட்டு, மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறி ஜூலையில் திரும்பினால், அவர் உடலளவில் மறுபடியும் புதியவர். அனுபவசாலிக்கும் முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் பத்தில் ஆறு, மூன்றாம் நாள் பத்தில் எட்டு என்று ஏற்றி, நான்காம் நாளில்தான் முழு வேலை என்பதே மேலே சொன்ன ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. விடுமுறையை மாசியிலோ கார்த்திகையிலோ வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் அப்படி வைத்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறையை ஒட்டி வைகாசியில்தான் வர முடிந்தவர்கள், திரும்பிப் போன அந்த மூன்று நாட்களுக்கு மட்டுமாவது நிழல் வேலை வேண்டும் என்று போர்மேனிடம் கேட்க வேண்டும்.